லயத்து இசையும் பல்கலைக்கழக ஆராய்ச்சியும்

இசைக்குப் பல்கலைக்கழகத்தில் தனித்துறை வேண்டுமா என்ற விவாதம் நம்மிடையே என்றோ முடிந்துவிட்டது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் சங்கீத அக்கடமி தோன்றியது. 1975இல் அது யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பில் விபுலானந்த அடிகளின் பெயர் தாங்கி எழுந்த இசை நடனக் கல்லூரி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் குருவின் காலடியிலிருந்து கற்ற வித்தைக்குப் பட்டமும் பீடமும் கிடைத்தன. இது மகிழத்தக்க செய்தியே. ஆனால், பல்கலைக்கழகம் என்பது கற்பிக்கும் இடம் மட்டுமன்று. புதிய அறிவைத் தேடும் இடமுமாகும். ஆகவே, இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நமது இசைத்துறைகள் எதனை ஆராய வேண்டும்? எந்த இசை ஆராய்ச்சிக்கு உரியது, எது உரியதன்று என்பதை எந்த அளவுகோலால் தீர்மானிப்பது? தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நோர்வூட்டிலிருந்து இக்கேள்வியை எழுப்புகிறேன். இங்கிருந்து பார்க்கும்போது இதற்கு ஒரு தனி அவசரம் இருக்கிறது.

மேனாட்டில் இசையாராய்ச்சியைப் பகுத்து வரையறை செய்தவர்களில் முதன்மையானவர் குய்டோ அட்லர். 1885இல் அவர் இத்துறையை வரலாற்று முறை, இயல்முறை என இரு பெருங்கிளைகளாக வகுத்தார். பழைய சுவடிகள், இசையமைத்தோர், காலந்தோறும் மாறிய வடிவங்கள் ஆகியவை முதற்கிளையின் பாற்படும். இசையின் விதிகள், அழகியல், கற்பிக்கும் முறை ஆகியன இரண்டாவதில் அடங்கும். பல்வேறு மக்களின் பாடல்களை ஒப்பிட்டு நோக்கும் ஒரு சிறு கிளைக்கும் அவர் இடம் வைத்தார். அச்சிறு கிளை அடுத்த அரை நூற்றாண்டில் பெருமரமாயிற்று. 1950இல் யாப் குன்ஸ்ட் என்ற டச்சு அறிஞர் அதற்கு இன இசையியல் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இன்று உலகின் சிறந்த இசைக்கல்லூரிகளில் இசை வரலாறு, இசைக் கொள்கை, ஒலியியல், கருவியியல், இசைக் கல்வி, இசை உளவியல் ஆகியவற்றுக்குச் சமமாக இன இசையியலும் வீற்றிருக்கிறது. மக்கள் தம் வாழ்வில் இசையை எப்படி உண்டாக்குகிறார்கள், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள், எப்படி அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கிறார்கள் என்பதே அதன் விசாரணை.

தமிழருக்கு இசையாராய்ச்சி புதியதன்று. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் சுருதிகளைப் பற்றிய மாபெரும் விசாரணையாகும். 1943இல் சென்னையில் எழுந்த தமிழிசைச் சங்கம், 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தித் தேவாரப் பண்களின் இயல்பை ஆராய்ந்தது. நம் ஈழநாட்டு மேதை விபுலானந்த அடிகளோ, வழக்கொழிந்துபோன யாழினைச் சங்கநூற் குறிப்புகளையும் சிலப்பதிகாரத்தையும் கணிதத்தையும் துணைக்கொண்டு மீட்டெடுக்க முயன்றார். அவ்வுழைப்பின் பயனாகிய யாழ்நூல், அவர் மறைந்த அதே 1947ஆம் ஆண்டில் அரங்கேறியது. எவர் காதும் கேளாத ஒரு கருவியின் ஒலியை ஏட்டிலிருந்து கணித்தறியத் துணிந்த அந்த அறிவுத் தாகத்தை எண்ணி நாம் பெருமை கொள்கிறோம், கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால், அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியும் எழுகிறது. மறைந்துபோன யாழுக்காக அத்தனை பாடுபட்ட நாம், நம் காதில் இன்றும் விழுகின்ற தப்பின் ஒலியை ஏன் ஆராயாது விட்டோம்?

மலையகத்திலே மாசி மாதம் வந்தால் காமன் கூத்து நடக்கும். அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றப்படும். பின்னர் ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவர். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும் இரவில் தோட்டமே விழித்திருக்கும். அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளும் இம்மலைகளுக்கு உரியவை. இவற்றையெல்லாம் நடத்திச் செல்பவர் கூத்து மாஸ்டர். பாட்டு, அடவு, தாளம், கதை முழுவதும் அவர் நினைவில் இருக்கின்றன. அவருக்குக் கீழே தப்புக்காரர் நிற்கிறார். அவருடைய அடி மாறினால் ஆட்டம் மாறும். ரதியின் புலம்பலுக்கு ஒரு நடை, வீரபத்திரனின் சினத்துக்கு வேறொரு நடை. கூத்துக்கு வெளியேயும் கொழுந்து மலைப் பாட்டு, தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி என எத்தனையோ உண்டு. சங்கீத சாஸ்திரத்தில் லயம் என்பது காலத்தின் ஒழுங்கு. தோட்டத்தில் லயம் என்பது தொழிலாளியின் குடியிருப்பு. இந்த இரண்டாவது லயத்தில் பிறந்த இசையை முதலாவது லயத்தின் கணக்கைக் கொண்டு அளந்து பார்த்தவர் நம்மில் மிகச் சிலர்.

மலையகப் பாடல்களை எவரும் கவனிக்கவில்லை என்று சொல்வது நன்றி மறத்தலாகும். கவிஞராகவும் தொழிற்சங்கவாதியாகவும் வாழ்ந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்களின் பாடல்களை அரும்பாடுபட்டுத் திரட்டினார். சாரல்நாடன் மலையக வாய்மொழி இலக்கியத்தைப் பற்றி நூல் எழுதினார். மாத்தளை வடிவேலன் காமன் கூத்து முதலிய பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதினார். இவர்கள் இல்லையெனில் இன்று நாம் வெறுங்கையோடு நிற்போம். ஆயினும், நான் கண்ட தொகுப்புகளில் எல்லாம் அச்சேறியிருப்பது சொல்லே. மெட்டு அச்சேறவில்லை, தாளம் அச்சேறவில்லை, எந்தச் சொல்லில் குரல் உடைகிறது, எந்த இடத்தில் மூச்சு இழுபடுகிறது என்ற குறிப்பும் ஏறவில்லை. இது தொகுத்தவர்களின் குறையன்று. அவர்கள் இலக்கியக்காரர்கள், தம் கடமையைச் செவ்வனே செய்தார்கள். மிகுதியைச் செய்திருக்க வேண்டியவர்கள் இசை கற்றவர்கள்.

ஓர் ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். தாளில் படித்தால் அது ஓரளவு எதுகை மோனையோடு அமைந்த இரங்கற்பா. ஆனால், இழவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டி அழும்போது அது வேறொன்று. அங்கே பாட்டு எது, அழுகை எது என்று பிரிக்க முடியாது. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏந்திக்கொள்கிறார்கள். அடி முடிவில் குரல் இரண்டு சுரங்களுக்கு இடையே எங்கோ சரிந்து நிற்கிறது. நம் சுரக் குறியீடு அதை எழுதுமா? எழுதாதென்றால் வேறு எப்படிக் குறிப்பது? இது இலக்கியக் கேள்வி அன்று; கலப்பற்ற இசையியற் கேள்வி. இதற்கு விடை காண்பதற்குச் சுரஞானமும் வேண்டும், ஒலிப்பதிவும் வேண்டும், அந்தப் பெண்களின் நம்பிக்கையும் வேண்டும்.

மெட்டுகளின் பயணம் மற்றோர் ஆராய்ச்சிப் பொருள். கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கியதன் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் என்று பற்பல சீமைகளிலிருந்து வந்தவர்கள் தத்தம் ஊர் மெட்டைக் கொண்டு வந்தார்கள். ஒரே லயத்தில் பல ஊரார் அடுத்தடுத்து வாழ்ந்தபோது அந்த மெட்டுகள் கலந்தனவா, தனித்தே நின்றனவா? பிறகு, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. கப்பலேறியவர்களில் பலர் நீலகிரியின் தேயிலை மலைகளில் மீண்டும் கொழுந்து பறிக்கப் போனார்கள். ஆகவே, ஒரு தாலாட்டு மெட்டை மூன்று இடங்களில் தேடலாம்: அது புறப்பட்ட தமிழக ஊரில், நோர்வூட்டிலோ பொகவந்தலாவையிலோ உள்ள தோட்டத்தில், கோத்தகிரியிலோ கூடலூரிலோ உள்ள குடியிருப்பில். மூன்றையும் பதிந்து ஒப்புநோக்கினால், மெட்டு எவ்வளவு காலம் நிலைக்கும், எவ்வாறு திரியும் என்பதற்கு உலகமே வியக்கும் சான்று கிடைக்கக்கூடும். சரித்திரம் நம் மக்களுக்கு இழைத்த அநீதி, அறிவுலகத்துக்கு இப்படியோர் ஆய்வுக்களத்தை விட்டுச் சென்றிருக்கிறது. அதையும் நாம் வீணாக்குவதா?

தப்பும் அவ்வாறே. மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டிய கருவி அது. ஒரு கையில் குறுங்கோலும் மறு கையில் மெல்லிய நெடுங்குச்சியுமாக அடிக்கப்படுவது. நெருப்பில் காய்ச்சினால்தான் அதன் குரல் எழும். மூடுபனியும் சாரலும் நிறைந்த இம்மலைகளில் தோல் விரைவில் தளர்ந்துவிடும். மறுபடியும் காய்ச்ச வேண்டும். ஈரக் காற்று அதன் சுருதியை எவ்வளவு இறக்குகிறது, வாசிப்பவர் அதை எவ்வாறு ஈடுசெய்கிறார் என்பவை ஒலியியல் மாணவனுக்கு ஏற்ற வினாக்கள். இந்தத் தப்புக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியதும் தப்பே. திருவிழாவிலும் இழவிலும் முழங்கியதும் தப்பே. துரையின் ஆணையையும் மக்களின் மகிழ்ச்சியையும் துயரத்தையும் ஒரே தோல் பேசியது. தோட்ட வாழ்வின் வரலாற்றை எழுதுபவர் துரைமாரின் கணக்கேடுகளைப் புரட்டுகிறார். அந்தத் தோலின் மொழியையும் கேட்க வேண்டாமா?

இக்கருத்துக்கு எதிராக மூன்று வாதங்களை நான் கேட்டதுண்டு.

முதலாவது, இவை நாட்டாரியல், தமிழ்த்துறையின் வேலை, இசைத்துறை சாஸ்திரீய சங்கீதத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது. பேலா பார்ட்டோக் 1907 முதல் புடாபெஸ்ட் இசைக் கலாசாலையில் பேராசிரியராக இருந்தவர். அதற்குச் சற்று முன்பே அவரும் தோழர் கொடாயும் போனோகிராப் பெட்டியோடு கிராமங்களுக்குச் சென்று உழவர் பாடல்களை மெழுகு உருளைகளில் பதியத் தொடங்கிவிட்டனர். அவர் இதைப் பிறர் வேலை என்று ஒதுக்கவில்லை. ஹங்கேரியின் புதிய இசையே அந்தப் பதிவுகளிலிருந்து ஊட்டம் பெற்றது. நம் நாட்டிலேயே சான்று உண்டு. டபிள்யூ. பி. மகுலொலுவ சிங்கள நாட்டார் பாடல்களை இசைக்கல்வியின் அடித்தளமாக்க உழைத்தார். சி. டி எஸ். குலதிலக்க வானொலியின் நாட்டாரிசை ஆராய்ச்சிப் பகுதியிலிருந்து பாடல்களைப் பதிந்து ஆராய்ந்தார். பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்து மரபைக் கர்ணன் போர், இராவணேசன் முதலிய படைப்புகள் மூலம் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது, கூத்தின் மதிப்பே நாடெங்கும் மாறியது. அறிஞர் ஒருவர் திரும்பிப் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது வாதம் மிகவும் கனமானது. எங்கள் மலையகத்திலிருந்தே எழுவது. நீண்டகாலம் தோட்டப் பள்ளிக்கூடங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு இசைக்கல்வி என்பதே எட்டாக்கனியாக இருந்தது. இப்போதுதான் ஒரு சிலர் வீணையும் வயலினும் மிருதங்கமும் கற்றுப் பல்கலைக்கழக வாசலை எட்டியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, ‘நீ கீர்த்தனையை விட்டுத் தப்புக்குப் போ’ என்பது அநியாயமல்லவா? அநியாயந்தான். அப்படி எவர் சொன்னாலும் அவரோடு நான் வாதிடுவேன். மலையகப் பிள்ளை தியாகராஜ கீர்த்தனையைக் கற்கவும் முழு உரிமை உடையவள். நான் கேட்பது விட்டுக்கொடுத்தலை அன்று. அவள் தோட்டத்திலிருந்து கொண்டுவரும் காதையும் பல்கலைக்கழகம் மதிக்க வேண்டும் என்பதையே. பாட்டியின் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த காது, காமன் கூத்தின் நடையில் பழகிய கால், இவை அவளுடைய குறைகள் அல்ல. மற்ற எவரிடமும் இல்லாத முதல். இசைக்கல்லூரி வாசலில் அவற்றைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்வதே அநியாயம்.

மூன்றாவது வாதத்தை வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவார்கள். அது சாதி. தப்பு அடிப்பது இன்னாருக்கு விதித்த தொழில் என்ற இழிவு கடல் கடந்தும் எங்களோடு வந்தது. அதனாலேயே தப்புக்காரரின் மகன் இன்று அந்தக் கருவியைத் தொட மறுக்கிறான். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில், இழவு வீட்டு வாசலில் அவனை மீண்டும் நிற்கவைக்க எவருக்கும் உரிமையில்லை. கருவியை வாழ்த்திக்கொண்டு, அதை வாசிப்பவனை வாசலுக்கு வெளியே நிறுத்துவது கலையபிமானம் ஆகாது. ஆனால், இழிவைப் போக்கும் வழி கருவியைப் புதைப்பது மட்டுமன்று. தமிழகத்தில் பறை இன்று பெண்களின் கைகளிலும் கல்லூரி மாணவர் கைகளிலும் ஒலிக்கிறது. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அமெரிக்க இசையியலாளர் ஸோயி ஷெரினியன் பறையிசைக் கலைஞர்களிடமிருந்து கற்று, அவர்களைப் பற்றி 2011இல் ஆவணப்படம் எடுத்தார். டிரினிடாட் தீவிலே, ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் கொண்டுபோன தாசா என்னும் முழவும் நம் தப்பைப் போலவே நெருப்பில் காய்ச்சப்பட்ட கருவிதான். இன்று அது அத்தீவின் திருமணங்களிலும் விழாக்களிலும் பெருமையோடு முழங்குகிறது. பீட்டர் மானுவல் 2015இல் அதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். தோட்டக் கூலியின் முழவு ஓரிடத்தில் ஆராய்ச்சிப் பொருளும் பொதுப் பெருமையும் ஆகலாமென்றால், இங்கே ஏன் ஆகக்கூடாது?

ஆகவே, நமது இசைத்துறைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். இன இசையியலை ஒரு விருப்பப் பாடமாக ஓரத்தில் வைக்காமல் ஆராய்ச்சித் துறையாக வளருங்கள். தனிப்பட்ட ஆர்வலர்கள் ஆங்காங்கே செய்யும் முயற்சிகளை நான் குறைத்து மதிக்கவில்லை. அவர்கள் ஓய்ந்ததும் அம்முயற்சியும் ஓய்ந்துவிடுகிறது என்பதே என் கவலை. மலையகத்திலிருந்து வரும் இறுதியாண்டு மாணவர் தம் ஆய்வேட்டைத் தம் தோட்டத்து இசையைப் பற்றி எழுத ஊக்கமளியுங்கள். ஆராய்பவர் ஆராயப்படும் இசையைத் தாமே வாசிக்கப் பழக வேண்டும் என்று மான்டில் ஹுட் 1960இல் வற்புறுத்தினார். அதன்படி, கூத்து மாஸ்டரையும் தப்புக்காரரையும் தகவல் சொல்பவராக அல்லாமல், ஊதியம் பெறும் ஆசிரியராக அழையுங்கள். அவரிடம் சான்றிதழ் கேட்காதீர்கள். அவர் முன்னிலையில் நம் சான்றிதழ்களுக்கு என்ன மதிப்பு என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள். பதிவுகளின் பிரதி, பாடியவரின் தோட்டத்துக்கும் பாடசாலைக்கும் திரும்பி வர வேண்டும். மலைகளிலிருந்து கொழுந்து போனது, வருமானம் போனது. பாட்டும் அவ்வாறே ஒருவழிப் பாதையில் போகக்கூடாது. பேராதனை எங்களுக்கு அண்மையில் இருக்கிறது. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அதனோடு கைகோத்து, மலையக இசைக்கான ஒலிக்காப்பகம் ஒன்றை மலையகத்திலேயே நிறுவலாம்.

1936 முதல் ஹற்றன் தொகுதியின் சட்டசபைப் பிரதிநிதியாக இருந்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை, தொழிலாளர் கூட்டங்களில் பாடியே மக்களைத் தட்டி எழுப்பியவர். அவருடைய சொற்களை ஆய்வாளர் சிலர் தேடித் தந்திருக்கிறார்கள். அவர் குரலை எவரும் பதியவில்லை. அந்தக் குரல் எப்படி உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது, கூட்டத்தினர் எந்த அடியில் சேர்ந்து பாடினார்கள் என்று இனி எந்தப் பேராசிரியராலும் கணிக்க இயலாது. விபுலானந்தருக்கு யாழை மீட்க ஏடாவது இருந்தது. இங்கே ஏடும் இல்லை. காமன் கூத்தை முழுமையாக அறிந்த மாஸ்டர்கள் முதுமையடைந்து ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகிறார்கள். அடுத்த மாசியில் கம்பம் ஊன்றும்போது, நம் பல்கலைக்கழகங்களிலிருந்து நான்கு மாணவர்களாவது ஒலிப்பதிவுக் கருவியோடும் பணிவோடும் இந்த மலைக்கு வரட்டும்.